இருண்ட திரையும் எட்டாண்டுத் தேட்டமும்

2024ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து மாலைப்பொழுது ஒன்று. வடமராட்சியில் மழை விடாது பெய்துகொண்டிருந்தது. எங்கோ இடி முழங்கிற்று. மறுகணமே ஊரெங்கும் மின்சாரம் நின்றது. அரை மணித்தியாலத்தின் பின் விளக்குகள் எரிந்தன, விசிறிகள் சுழன்றன. இளைப்பாறிய தமிழாசிரியர் ஒருவரின் மேசைமீதிருந்த கணினி மட்டும் விழிக்கவில்லை.

“தம்பி, எட்டு வருசத் தேட்டம் இதுக்குள்ளை கிடக்கு. ஒருக்கா வந்து பார்க்கமாட்டீரோ?” என்று தொலைபேசியில் அவர் கேட்டபோது குரல் தளர்ந்திருந்தது.

ஊரார் அவரை மாஸ்ரர் என்றே அழைப்பர். ஓய்வுபெற்ற நாள் முதலாக ஊரூராய் நடந்து, தாலாட்டு, ஒப்பாரி, அரிவி வெட்டுப் பாடல், கடற்றொழிலாளர் வலையிழுக்கும்போது பாடும் அம்பாப் பாடல் ஆகியவற்றைத் திரட்டி வந்தவர். முதியோர் பாடப் பாடக் கொப்பியில் எழுதிவந்து இரவிற் கணினியில் தட்டச்சுச் செய்வது அவர் வழக்கம். தட்டச்சு முடிந்த கொப்பிகளை அவர் பேணவில்லை. அவை கறையானுக்கு இரையாயின. பாடிக்கொடுத்தவர்களுட் பலர் இன்று உயிரோடில்லை. ஆகவே அந்தப் பாடல்களுக்கு உலகில் எஞ்சியிருந்த ஒரே இருப்பிடம் அந்த இருண்ட திரையின் பின்னால் இருந்தது.

மறுநாட் காலை நான் சென்றபோது, பட்டினத்துக் கடையொன்றிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மாஸ்ரர், வின்டோசை அழிச்சுப் புதுசாப் போட்டால் ஒரு மணித்தியாலத்திலை சரியாகும்” என்றார் அவர்.

“மெசின் சரியாகும், தம்பி. என்ரை பாட்டுகள்?” என்றார் மாஸ்ரர்.

இளைஞரிடம் அதற்கு விடை இருக்கவில்லை. அவர் கெட்டவருமல்லர், தொழில் அறியாதவருமல்லர். கணினியை எழுப்புவதே தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை என்று கருதினார், அவ்வளவே. கணினி எழவில்லை என்பது ஒரு செய்தி; அதனுள் இருந்த எழுத்து அழிந்தது என்பது முற்றிலும் வேறான செய்தி. முதலாவது நிகழ்ந்ததும் இரண்டாவதும் நிகழ்ந்துவிட்டதாக எண்ணி அவசரப்படுவோர், தம் கையாலேயே அந்த இரண்டாவதை நிகழ்த்திவிடுகின்றனர். கணினியில் எழுதும் ஆசிரியரும் மாணவரும் பெருகிவிட்ட இந்நாளில், இதனை ஓரளவேனும் விளங்கிக்கொள்வது பயனுடையது.

மின்சாரம் நின்ற கணத்தில்

கணினிக்கு இருவகை நினைவு உண்டு. ஒன்று ‘ராம்’ என வழங்கும் தற்காலிக நினைவகம். மிக விரைவாகத் தொழிற்படும். ஆயின் மின்சாரம் உள்ளவரையே அதன் நினைவு நிலைக்கும். மற்றையது வன்தட்டு. மெதுவானது, ஆயின் மின்சாரம் இல்லாதபோதும் எழுதியதைக் காத்து நிற்கும்.

நம் ஊர் மூலைக்கடை முதலாளியை எண்ணிப் பாருங்கள். சனம் நெருக்கும் வேளையில், யாருக்கு என்ன கடன் கொடுத்தார் என்பதை அவர் மனத்திலேயே வைத்திருப்பார். நெருக்கம் தணிந்ததும் கணக்குக் கொப்பியை எடுத்துப் பதிவார். கணினியும் அவ்வாறே செய்கிறது. வன்தட்டின் மந்தகதிக்காக ஒவ்வொரு முறையும் காத்திராது, எழுத வேண்டியவற்றை நினைவகத்திற் சிறிது நேரம் தேக்கிவைத்து, வாய்ப்பான வேளையில் தட்டில் எழுதுகிறது. முறைப்படி நிறுத்தும்போது சிறிது நேரம் எடுப்பது, தேங்கியவற்றையெல்லாம் எழுதி முடிப்பதற்காகவே. வின்டோஸ் 95 காலத்துக் கணினிகளில், ‘இனி நிறுத்தலாம்’ என்று திரை அனுமதி தரும்வரை காத்திருந்ததை நடுவயதினர் மறந்திருக்க மாட்டார்கள்.

மின்சாரம் திடீரென நிற்பது, கணக்கெழுதும் முன்னே கடைக்காரர் மயங்கி விழுவதைப் போன்றது. கணினியின் மின்வழங்கி, சுவரிலிருந்து வரும் மின்சாரம் நின்ற பின்னரும் ஏறத்தாழ 16 மில்லிச்செக்கன் தாக்குப்பிடிக்கும்படி அமைக்கப்படுவது வழமை. நம் நாட்டு மின்னோட்டத்தின் ஓரலைக்கு 20 மில்லிச்செக்கன் செல்லும். ஓரலை தீர்வதற்குள் கணினியின் கையிருப்புத் தீர்ந்துவிடுகிறது. கண்சிமிட்டும் மின்னொளியைத் தாங்க அது போதும். கணக்கெழுதி முடிக்கப் போதாது.

வன்தட்டின் உடலுக்கு அக்கணத்தில் ஊறு நேராதா என்று கேட்கலாம். நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் தட்டின்மேல், நூலிழையிலும் நுண்ணிய இடைவெளியில் வாசிப்புத் தலை மிதக்கிறது. மின்சாரம் நின்றதும், சுழலும் தட்டின் எஞ்சிய வேகமே சிறு மின்பிறப்பாக்கிபோல உதவ, அந்த மின்சாரத்தைக் கொண்டு தலை பாதுகாப்பான இடத்துக்கு விலகிவிடுகிறது. ஆகவே பெரும்பாலான வேளைகளில் தட்டு காயப்படுவதில்லை, கணக்கே குழம்புகிறது.

சுழலும் பாகமற்ற எஸ்.எஸ்.டி. சேமிப்பகங்களும் இத்துன்பத்துக்கு விலக்கல்ல. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தினரும் எச்.பி. ஆய்வுகூடத்தினரும் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், 15 எஸ்.எஸ்.டி.களுக்கு மின்சாரத்தை வேண்டுமென்றே துண்டித்துச் சோதித்தனர். அவற்றுள் 13 ஏதேனும் ஒரு வகையிற் பிழைபட்டன.

முன்னெழுதும் குறிப்பேடு

இவ்வளவு ஆபத்திருந்தும், மின்வெட்டு நேரும்போதெல்லாம் நம் கணினிகள் மடிந்துபோவதில்லை. காரணம் ஓர் எளிய விதி: செய்யப்போவதை முதலிற் குறிப்பேட்டில் எழுது, பின்னரே செய்.

இவ்விதி வங்கிக் கணக்குகள் போன்ற தரவுத்தளங்களின் பொருட்டு வளர்ந்தது. 1970களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜிம் கிரே முதலானோர் அதற்கு அடித்தளமிட்டனர். அந்நிறுவனத்து ஆய்வாளரும் தமிழ்நாட்டிற் பிறந்து சென்னையிற் பயின்றவருமான சி. மோகனும் அவருடன் பணிபுரிந்தோரும் 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஏரிஸ்’ என்னும் மீட்புமுறை, இத்துறையிற் பெரும்புகழ் பெற்றது. விழுந்தெழுந்த இயந்திரம் குறிப்பேட்டை வாசித்து, என்ன நடந்ததென ஆராய்கிறது. நடந்தவற்றை மீளச் செய்கிறது. அரைகுறையாய் நின்றவற்றை இல்லாமற் செய்கிறது. ஆராய்தல், மீளச்செய்தல், நீக்குதல் என்னும் மூன்றுமே அதன் படிகள்.

இதனை ஒத்த குறிப்பேடு 1993ஆம் ஆண்டு வின்டோஸ் என்.டி.யுடன் வந்த ‘என்.ரி.எஃப்.எஸ்.’ என்னும் கோப்பு முறைமையில் இடம்பெற்றது. லினக்ஸ் உலகில் ‘எக்ஸ்ட் 3’ 2001ஆம் ஆண்டிற் பொதுவழக்குக்கு வந்தது. மின்தடைக்குப் பின் கணினி சிறிது தாமதித்து எழுவதை நாம் காண்கிறோமே, அத்தாமதத்தின்போது அது பெரும்பாலும் இக்குறிப்பேட்டையே வாசித்துக்கொண்டிருக்கிறது. அவ்வேளையிற் பொறுமையிழந்து மீண்டும் ஆளியை அழுத்தி நிறுத்துவது, தையல் போடும் வைத்தியரின் கையைத் தட்டிவிடுவதற்கு ஒப்பாகும்.

இக்குறிப்பேடு எதனைக் காக்கிறது என்பதையும் அறிதல் வேண்டும். எந்தக் கோப்பு எங்கே உள்ளது, அதன் பெயர் யாது, அளவு யாது என்னும் கட்டுக்கோப்பையே அது பெரிதும் காக்கிறது. கோப்பினுள் நாம் எழுதிய வரிகளைக் காப்பதாக அது உறுதி கூறுவதில்லை. இவ்வேறுபாடு மாஸ்ரருக்குப் பின்னர் எவ்வாறு விளங்கிற்று என்பதைக் கூறுவேன்.

எங்கே நின்றது?

‘பூட்’ என்னும் ஆங்கிலச் சொல், தன் பாதணியின் வாரைத் தானே பற்றித் தன்னைத் தூக்கிக்கொள்வது என்ற கருத்திலிருந்து வந்தது. உறங்கும் கணினியும் அவ்வாறே, சிறியதொரு நிரலைக் கொண்டு பெரியதை எழுப்பி, படிப்படியாகத் தன்னைத்தானே தூக்கிக்கொள்கிறது. எந்தப் படியில் நின்றதென்று கண்டால் நோய் பாதி தெரிந்துவிடும். அதற்குக் கண்ணும் செவியுமே முதற் கருவிகள்.

ஆளியை அழுத்தியும் விளக்கு எரியவில்லை, விசிறி சுழலவில்லை எனின், குறை மின்சாரத்தின் பக்கம் உள்ளது. குதையில் மின்சாரம் வருகிறதா என்று வேறொரு கருவியைச் செருகிப் பார்க்க வேண்டும். பின், செருகியைக் கழற்றி ஆளியை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, எஞ்சிய மின்னேற்றம் வடிந்தபின் மீண்டும் செருகிப் பார்க்கலாம். மடிக்கணினிக்கும் இவ்வாறே, மின்னேற்றியைக் கழற்றிவிட்டுச் செய்வர். அப்பொழுதும் உயிர் இல்லையெனின், மின்னலின் தாக்கத்தால் மின்வழங்கி பழுதுற்றிருக்கலாம். அதன் பெட்டியைத் திறத்தல் ஆகாது. உள்ளிருக்கும் கொள்ளளவிகள் மின்சாரம் நின்ற பின்னரும் ஆளைத் தாக்கவல்லவை.

விசிறி சுழல்கிறது, ஆனால் திரை இருண்டிருக்கிறது, அல்லது ‘பீப்’ என்னும் ஒலி விட்டுவிட்டுக் கேட்கிறது எனின், முதற் சோதனையிலேயே கணினி தடுமாறுகிறது. பல வேளைகளில், மின்சாரத்தை நீக்கிவிட்டு நினைவகப் பலகையைக் கழற்றி, அதன் தொடுமுனையைத் துடைத்து மீளப் பொருத்துவது போதுமானதாகும்.

உற்பத்தியாளரின் சின்னம் தோன்றி, தொடங்குதற்குரிய தட்டு இல்லை என்னும் பொருள்படச் செய்தி வருமாயின், கணினிக்கு வன்தட்டு தென்படவில்லை, அல்லது எதிலிருந்து தொடங்குவதென்ற ஒழுங்கு மாறியுள்ளது. தாய்ப்பலகையில் உள்ள நாணயவடிவ மின்கலம் 3 வோல்ற்று வலுவுடையது. ஆண்டுகள் செல்ல அது தளரும். நாளும் நேரமும் பிழையாகக் காட்டப்படின் அதுவே காரணம் என ஐயுறலாம். இந்நிலையில் வன்தட்டிலிருந்து ‘டிக், டிக்’ என்னும் ஒலி தொடர்ந்து வந்தால், எல்லாவற்றையும் அக்கணமே நிறுத்திவிட வேண்டும். அது தட்டு உண்மையாகவே காயமுற்றிருப்பதன் அறிகுறி. அதன் பின்னர் நாம் செய்யும் ஒவ்வொரு முயற்சியும் காயத்தைப் பெருக்கும்.

சின்னமும் தோன்றி, புள்ளிகள் வட்டமாகச் சுழன்று, பின் நீலத்திரை வருகிறது, அல்லது ‘திருத்தம் செய்யப்படுகிறது’ என்ற செய்தி வந்து மீண்டும் மீண்டும் தொடக்கத்துக்கே செல்கிறது எனின், கணினியின் உடல் நலமே. பணிசெயல் முறைமையின் கோப்புகளோ வன்தட்டின் கணக்கோ குழம்பியுள்ளது. மாஸ்ரரின் கணினி இந்நான்காம் படியிலேயே நின்றது. தட்டு அமைதியாகச் சுழன்றது. தீய ஒலி எதுவும் இல்லை. அவ்வளவில் எனக்குப் பாதிக் கவலை தீர்ந்தது.

பிரதியே முதல்

பழைய ஏடுகளோடு பழகியவர்களுக்கு ஒரு நெறி உண்டு. சிதைந்த சுவடி கைக்கு வந்தால், முதலிற் பிரதி செய்க, பின்னர்ப் பாடந்திருத்துக. 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, கை பட்ட மாத்திரத்தில் ஒடியும் ஏடுகளோடு போராடியதைத் தம் பதிப்புரையில் எடுத்துரைத்தார். மூலம் ஒன்றே, தொடுந்தோறும் அது தேயும். எழாத கணினியின் வன்தட்டும் அத்தகைய மூலமே.

“முதலிலை பிரதி, பிறகு வைத்தியம்” என்று நான் கூறியதும் மாஸ்ரர் முகம் தெளிந்தது. ஏட்டுச் சுவடியின் இலக்கணம் அவர் அறிந்ததுதானே! கடை இளைஞரும் உடன்பட்டார். உண்மையில், அதற்குப் பின் அரைப்பங்கு வேலையை அவரே செய்தார்.

வேறொரு கணினியின் துணைகொண்டு, ‘உபுண்டு’ என்னும் லினக்ஸ் முறைமையை ஒரு பென் ட்ரைவில் ஏற்றினோம். அது விலையின்றிக் கிடைப்பது. நோயுற்ற கணினியைத் தொடக்கும்போது உரிய விசையை அழுத்தி, வன்தட்டை விடுத்து அந்தப் பென் ட்ரைவிலிருந்து எழும்படி செய்தோம். நிறுவாமல் முயன்று பார்க்கும் வழியையே தெரிவுசெய்ய வேண்டும். நிறுவும் வழியைத் தெரிவுசெய்தால் எல்லாம் பாழ். அயலிடத்து முறைமையொன்று கணினியை இயக்கிக்கொண்டிருக்க, மாஸ்ரரின் வன்தட்டை வாசிப்பதற்கு மட்டும் திறந்தோம். எழுதுதற்கு வழியில்லாதபோது தவறு செய்தற்கும் வழியில்லை.

கோப்புறைகள் ஒவ்வொன்றாகத் திரையில் விரிந்தன. ‘தாலாட்டு’, ‘அம்பா’, ‘ஒப்பாரி’. மாஸ்ரர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், ஒன்றும் பேசவில்லை. எல்லாவற்றையும் வெளி வன்தட்டொன்றிற் படியெடுத்து, சிலவற்றைத் திறந்து வாசித்துப் பார்த்தோம். பிரதி எடுத்தேன் என்பது போதாது. பிரதி திறக்கிறதென்று கண்ணாற் காணல் வேண்டும்.

இவ்வழியில் இரண்டு இடர்கள் வரலாம். தட்டு ‘பிட்லொக்கர்’ முறையாற் பூட்டப்பட்டிருப்பின், 48 இலக்கங்கொண்ட மீட்புத் திறவுகோல் இன்றி எவராலும் திறக்க இயலாது. அது பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசொஃப்ற் கணக்கில் இருக்கும். மற்றையது, தட்டின் சில பகுதிகள் வாசிக்க இயலாதவாறு பழுதுற்றிருப்பது. அந்நிலையில் ‘டீடீ ரெஸ்கியூ’ என்னும் கருவி, வாசிக்கத்தக்க பகுதிகளை முதலிற் படியெடுத்துவிட்டு, பழுதுற்ற இடங்களுக்குப் பின்னரே திரும்பும். ஆராய்ச்சியாளர் செய்வதும் இதுவன்றோ!

திருத்தம்

பிரதி கையில் வந்த பின் துணிவாகத் திருத்தத்தில் இறங்கலாம். வின்டோஸ் தொடர்ந்து எழத் தவறும்போது அதன் மீட்புத் திரை தானாகவே வரும். அங்குள்ள ‘தொடக்கத் திருத்தம்’ முதல் மருந்து. அது பயன் தரவில்லையெனின், இன்றியமையாதவற்றோடு மட்டும் எழும் ‘பாதுகாப்பு நிலை’யை முயலலாம். அதன் பின், கட்டளைத் திரையில் ‘செக் டிஸ்க்’ என்னும் கருவியை ஏவினால், அது தட்டின் கணக்கை வரிவரியாய்ச் சரிபார்த்து முரண்பாடுகளை நீக்கும். லினக்ஸில் ‘எஃப்.எஸ்.சி.கே.’ அத்தொழிலைச் செய்யும்.

இக்கருவி எழுத்தைக் காப்பதற்கன்றிக் கணக்கை ஒழுங்குபடுத்துவதற்கே அமைந்தது. உடையவர் தெரியாத துண்டுகளைத் தனியொரு கோப்புறையில் தள்ளிவிடும். ஆதலாலேயே பிரதி எடாமுன் அதனை ஏவலாகாது என்கிறோம்.

மாஸ்ரரின் கணினிக்கு முதல் மருந்து பலிக்கவில்லை. ‘செக் டிஸ்க்’ நெடுநேரம் ஓடிற்று. மதியச் சாப்பாடு முடிந்து நாங்கள் திரும்பியபோது அது தன் வேலையை முடித்திருந்தது. மீண்டும் தொடக்கினோம், பழகிய திரை வந்தது. வின்டோசை அழிக்க வேண்டிய தேவை எழவேயில்லை.

மீண்டதும் மீளாததும்

நானூறுக்கு மேற்பட்ட கோப்புகளில் ஒன்று மட்டும் திறக்கவில்லை. மின்சாரம் நின்றபோது மாஸ்ரர் தட்டச்சுச் செய்துகொண்டிருந்த ஒப்பாரி அது. பெயர் சரியாக இருந்தது; அளவும் சரியாக இருந்தது; உள்ளே ஓர் எழுத்துமில்லை. குறிப்பேடு கட்டுக்கோப்பைக் காத்தது. வரிகள் நினைவகத்தோடு மறைந்தன. நல்லவேளையாக, தட்டச்சு நிரல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே ஒதுக்கிவைக்கும் படி ஒன்று கிடைத்தது. அதிற் பாட்டின் பெரும்பகுதி இருந்தது. இறுதிப் பன்னிரண்டு வரிகள் இல்லை. அன்றைய கொப்பியோ, மழைவெள்ளம் நனைத்த பையினுட் கிடந்து, மை கரைந்து கிடந்தது.

அன்றே அவர் வழக்கத்தை மாற்றிக்கொண்டார். மின்சாரம் நின்றாலும் சில நிமிடங்கள் தாங்கும் யூ.பி.எஸ். ஒன்றை வாங்கினார், எழுதியதைச் சேமித்து முறைப்படி நிறுத்த அச்சில நிமிடங்கள் போதும். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் சேமிக்கிறார். வாரம் ஒருமுறை ஒரு பிரதி வெளி வன்தட்டில், இன்னொரு பிரதி கொழும்பிலுள்ள மகளிடம். 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட நாடு இது. அந்த மழைநாளுக்குச் சில மாதங்களின் பின், 2025 பெப்ரவரி 9ஆந் திகதி, பாணந்துறை உபமின் நிலையத்திற் குரங்கொன்று பட்டதால் என்று சொல்லப்பட்ட தடையினால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. அன்று மாஸ்ரர் பதறவில்லை.

அந்தப் பன்னிரண்டு வரிகளை மீளப் பெறுவதற்காக நாங்கள் இருவரும் ஆச்சியிடம் சென்றோம். எண்பது கடந்தவர். தம் தமையனுக்காகப் பாடிய ஒப்பாரி அது. முற்றத்துத் திண்ணையில் இருந்து கண்ணை மூடிப் பாடினார். மாஸ்ரர் எழுதிக்கொண்டே வந்தார். இறுதியை அணுகியதும் அவர் கை நின்றது. வரிகள் வேறாக இருந்தன.

“அண்டைக்குப் பாடினது இது இல்லை, ஆச்சி” என்றார்.

“அண்டைக்கு வந்தது அண்டையோடை போச்சுது, மோனை. இண்டைக்கு வாறது இதுதான்” என்றார் ஆச்சி.

மாஸ்ரர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின், புதிய வரிகளைப் பாடியபடியே எழுதிக்கொண்டார். அன்றிரவு அவற்றைத் தட்டச்சுச் செய்தபோது, முன்னைய பாட்டு எங்கே நிற்கிறதோ அங்கே, பன்னிரண்டு வரிகள் மீளவில்லை என்று ஒரு குறிப்பு எழுதினார். புதிய பாட்டைத் தனியாகக் கீழே சேர்த்தார். கொப்பியை இம்முறை எறியவில்லை. அதனை வேப்பிலையோடு அலுமாரியில் வைத்திருக்கிறார்.